மருந்தெடுத்த மழைக்காலம்

என் மகள் பிறந்து நான்கைந்து மாதம்வரை அழாத பிள்ளையாக இருந்தாள். தோட்டத்தில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். மலைத்தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் எங்கள் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ள இருக்குதா இல்லையான்னே தெரியலிங்களேம்மா. தங்கம்" என்பார்கள். அவர்கள் போன பிறகு மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து பிள்ளைக்குச் சுற்றி அடுப்பில் போடுவார். பிள்ளை அதற்கும் கண் திறக்காது.

பால் கொடுக்க நான் அவளை எழுப்ப வேண்டியிருந்தது. உள்ளங்காலைச் சுண்டுவேன். ஈரத்துணியால் முகத்தைத் துடைப்பேன். நாலு வாய் குடிப்பாள், பிறகு வாய் அப்படியே நின்றுவிடும். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. முதல் பிள்ளை என்பதால் வேறு பிள்ளை எப்படிக் குடிக்கும் என்று தெரியாது. நானும் அந்த நாட்களில் பாதித் தூக்கத்தில்தான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் வரும் தோட்டம் அது. என் கணவர் அங்கே கணக்கப்பிள்ளை. மலையில் ஆட்களை வேலைக்கு விட்டு, பறித்த கொழுந்தை நிறுத்து, பேர் போடுகிறவர். குறித்த இறாத்தல் பறித்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். எங்களுக்குக் கொடுத்தது ஓர் இரட்டை வீட்டின் பாதி. மறுபாதியில் தேயிலை தயாரிக்கும் ஸ்டோரில் வேலை செய்யும் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். நடுச்சுவர் கூரைவரை போகாது. அவர்கள் சண்டை போட்டால் ஒவ்வொரு வார்த்தையும் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்போம்.

பிள்ளை வயிற்றில் இருந்த ஏழாம் மாதத்தில் நான் ஸ்டோருக்குப் பின்னால் உள்ள கல்படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு அன்றைக்குப் போனதுதான். பிள்ளை பெற டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊசி போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது வலிக்கு ஒரு மருந்தை டாக்டர் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டைப் பார்த்துத் தோட்டத்து டிஸ்பென்சர் கலக்கிக் கொடுத்தார். போத்தல் நாம்தான் கொண்டுபோக வேண்டும். நான் கொண்டுபோனது மாமனார் காலத்துச் சாராயக் கால் போத்தல். அதில் பழுப்பு நிறத் தண்ணீரை நிரப்பி, பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டியை ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை. முடிந்ததும் போவேன், அவர் நிரப்புவார். வயதானவர். ஓய்வு பெறப்போகிற நேரம். ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அட்டனில் எஸ்.எஸ்.சி. வரை படித்து, கல்யாணத்துக்கு முன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாடமும் சொல்லிக் கொடுத்தவள் நான். எதையும் வாசித்துப் பார்க்கிறவள். லேபிளையும் வாசித்தேன். மிக்ஸ்சர் என்று எழுதியிருந்தது.

அந்த மருந்து வலியைப் போக்கியது என்று சொல்ல முடியாது. வலி நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டது. அது அங்கே கத்துவது எனக்குக் கேட்டது. ஆனால் அது அவர்கள் வீட்டு விஷயம்.

மற்றவையும் அப்படிப் போயின. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் அப்பா இறந்த செய்தி வந்தது. நான் அப்போது சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கணவர் வாசலில் நின்று சொன்னார். கஞ்சி முழுவதும் இறங்கும்வரை பானையைச் சாய்த்துப் பிடித்திருந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டேன். அங்கே எல்லாரும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளையும் அழவில்லை, நானும் அழவில்லை. "படிச்ச புள்ளையில்ல, மனசைத் திடமா வச்சிருக்கு" என்று பெரியம்மா யாரிடமோ சொன்னார். திடமாகத்தான் இருக்கிறோம் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மழை தொடங்கியபோது புது டிஸ்பென்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நடுவயது, கண்ணாடி போட்டவர். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போத்தலோடு போனேன். அவர் என் பழைய துண்டை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாரி நோகுதோ?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நாரி என்றால் பெண் என்று படித்திருக்கிறேன். எந்தப் பெண்ணைக் கேட்கிறார் என்று விழித்தேன். அவர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"ஆமாங்க, இடுப்பு வலிதாங்க" என்றேன்.

"எவ்வளவு காலமா இதைக் குடிக்கிறியள்?"

"புள்ள பொறந்ததுல இருந்துங்க."

"பிள்ளைக்குத் தாய்ப்பாலோ?"

"ஆமாங்க."

அவர் எழுந்துவந்து பிள்ளையைத் தன் மேசையில் கிடத்தினார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலைக் கிள்ளினார், நான் சுண்டுவதைவிடப் பலமாக. அவள் முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கினாள்.

"இந்த மருந்துக்குள்ள அபின் கிடக்கு" என்றார். "உங்களுக்கு ஊத்திறது பாலில இறங்கி இவவுக்கும் போகுது. விளங்குதோ?"

விளங்குகிறது என்றேன். அபின் என்றால் என்னவென்று தெரியும். அந்தக் காலத்தில் தொழிலாளர் லயத்தில் சில தாய்மார் மலைக்குப் போகும்முன் பிள்ளை தூங்குவதற்கு விரலில் தொட்டு நாக்கில் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். படித்தவள் அதைச் செய்ய மாட்டாள் என்றும் நினைத்திருக்கிறேன். அவர் சொன்னபோது நெஞ்சு பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. அவருடைய மசிக்கூட்டுக்கு மூடி இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இன்னைக்கே நிப்பாட்டிடறேங்க."

"ஐயோ, ஒரேயடியா நிப்பாட்டக் கூடாது. ரெண்டு பேருக்கும் இது பழகிப்போச்சு. ரெண்டு பேருக்கும் சேர்த்து மெல்ல மெல்லக் குறைப்பம். கிழமைக்கு ஒருக்கா வாங்கோ. நிறம் இதேதான் இருக்கும், கசப்பும் இதேதான் இருக்கும். உள்ளுக்க இருக்கிறது குறையும்."

"வலிங்க?"

"நோ இருக்கும்" என்றார். "அது போகும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். வேற தூள் தாறன். இடுப்பைத் துணியால இறுக்கிக் கட்டுங்கோ. சூடு வையுங்கோ. படுத்தே கிடக்காதேங்கோ." பிறகு பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "இவ நிறை ஏற வேணும். மாசம் முடியேக்கை ஏறயில்லையெண்டால் உங்கட பாலை நிப்பாட்டிப் போட்டு மாப்பால்தான். இஞ்சை பிள்ளை நிறுக்கிற தராசு உடைஞ்சு கிடக்கு. உங்கட அவரிட்டைச் சொல்லி எங்கையாவது நிறுத்துப் பாருங்கோ."

எங்கள் வீட்டில் இருந்த ஒரே பால் என்னுடையதுதான். மாப்பால் டின்னில் வளர்ந்த ஒரு பிள்ளை அடுத்த டிவிஷனில் வயிற்றோட்டத்தில் போயிருந்தது. அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. பாலை நிறுத்தக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது. அதையும் மனதால் உணர்ந்தேன் என்று சொல்ல முடியாது. கரும்பலகையில் எழுதிப்போட்ட வாக்கியம்போல எதிரே இருந்தது.

அன்று மாலையே கணவர் பிள்ளையைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுத்தார். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். ஒரு கிழவி தன் கூடையைத் தட்டிக் காலிசெய்து கொடுத்தாள். உள்ளே என் பழைய சேலையை விரித்துப் பிள்ளையைப் படுக்க வைத்துக் கொக்கியில் மாட்டினார்கள்.

"கூடைக்குன்னு ரெண்டு இறாத்தல் கழிச்சிடாதீங்க கணக்கப்புள்ள" என்றாள் ஒருத்தி.

"ஈரத்துக்குக் கழிப்பாரு பாரு" என்றாள் இன்னொருத்தி. "பச்சப் புள்ளையில்ல."

"பொம்பளப் புள்ளைக்கு ஏற்கனவே கழிவு ஜாஸ்தி. அவரு வேற கழிக்கணுமா?"

கணவரும் சிரித்தார். தராசின் முள் ஒருமுறை ஆடி உடனே நின்றுவிட்டது. "நம்ம கொழுந்துகூட இப்படி அசையாம நிக்காது" என்றார். எண்ணைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. பிறந்தபோது இருந்ததைவிட அதிகமாக ஒன்றும் இல்லை.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்திருந்தது. நான் டிஸ்பென்சரிக்குள் இருந்தபோது மாமியார் குடையோடு வெளியே வந்து நின்றிருந்தார். புறப்படும்போது டிஸ்பென்சர் வாசல்வரை வந்து அவரிடம், "அம்மா, மருமகள் ஒழுங்கா மருந்தெடுக்க வேணும். கொஞ்ச நாளைக்கு வாந்தி, குளிர், தும்மல் எல்லாம் வரும். பயப்பிடாதேங்கோ. மருந்தெடுத்தாச் சுகமாகும்" என்றார். யாழ்ப்பாணத்தில் மருந்தெடுப்பது என்றால் வைத்தியரிடம் போய் மருந்து வாங்கிச் சாப்பிடுவது. எங்கள் ஆட்களுக்கு மருந்து எடுப்பது என்றால் வேறு. யாராவது வசியத்துக்கோ கெடுதலுக்கோ சோற்றில் மருந்து வைத்துக் கொடுத்திருந்தால், அதை வயிற்றிலிருந்து உறிஞ்சி வெளியே எடுப்பதற்குப் பெயர்தான் மருந்து எடுக்கிறது.

மடுவத்தில் பிள்ளையை நிறுத்துவிட்டு வந்த பிறகு மாமியார் கணவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டிஸ்பென்சரே சொல்லிட்டாருப்பா. உம் பொண்டாட்டிக்கு யாரோ மருந்து வச்சிருக்காங்க. எடுக்கணுமாம்."

"அவரு அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரும்மா."

"நான் எங் காதால கேட்டேன். வாந்தி வரும், குளிரு வரும்னு அத்தனையும் சொன்னாரு. படிச்ச மனுசன், அவருக்கே தெரியுது. உனக்குத் தெரியல."

நான் குசினியில் நின்று கேட்டேன். போய் விளக்கியிருக்கலாம். விளக்கினால் அபின் என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். பிள்ளையின் பாலில் அது இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாளும் விட்டேன். நான் செய்தது சரியா என்று அந்த மழைக்காலம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் பதில் தெரியாது.

கணவருக்கு மட்டும் சொன்னேன். மறுநாள் மலையிலிருந்து வந்ததும், "என்ன புள்ள, இன்னைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" என்றார். பட்டியில் உள்ள பல்லுக்கு மேல் நான் குடித்தேனா என்பதைத்தான் அப்படிக் கேட்டார். அதற்குப் பிறகு தினமும் அதைத்தான் கேட்டார். வேறு எப்படிக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

மருந்து குறையத் தொடங்கியது. கொட்டாவி முதலில் வந்தது. நிறுத்த முடியாத கொட்டாவி, தாடை வலிக்கும்வரை. மூக்கும் கண்ணும் ஒழுகின. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கைமயிர் குத்திட்டு நின்றது. கால்கள் தம்மால் இருக்க முடியாதவைபோல இழுத்துக்கொண்டன. வலி நடுச்சுவரைத் தாண்டித் தன் சாமான்களோடு எங்கள் பக்கம் திரும்பி வந்தது. காலையில் எழுந்திருக்கும்போது பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, முட்டியில் நின்று, பிறகுதான் நிமிர முடியும். செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்தேன். வேட்டித் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். தூளைக் குடித்தேன். அது வலியின் ஓரத்தை மட்டும் தேய்த்தது.

மாமியாருக்கு எல்லாம் சொன்னபடியே நடந்தது. வாந்தி, குளிர், தும்மல். கந்தப்பளைப் பக்கம் மருந்து எடுக்கிற ஒரு பெண் இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, அவளுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

அவள் காலை ரயிலில் வந்தாள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கறுப்புக் கோட்டு, வாய் நிறைய வெற்றிலை, இடுப்பில் ஒரு சுருக்குப் பை. என்னைக் கூடத்தில் பலகையில் உட்கார வைத்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு கையால சாப்புட்ட தாயி?"

"என் கையாலதாங்க."

"வேற யாரு வீட்டுலயாச்சும் வாங்கித் தின்னியா?"

"இல்லைங்க. டிஸ்பென்சரியில குடுத்ததுதான். நானே ஊத்திக் குடிச்சேன்."

அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். "என்னக்கா இது, டிஸ்பென்சரி மருந்தை எடுக்கவா என்னைய மழையில ரயிலேத்திக் கூட்டியாந்தீங்க?"

"டிஸ்பென்சரே எடுக்கணும்னு சொல்லிட்டாருங்கிறேன்."

"அப்ப அவரே எடுக்க வேண்டியதுதானே?"

"அவரு யாழ்ப்பாணத்தாளு. அவருக்கு எடுக்கவெல்லாம் தெரியுமா?"

அந்தப் பெண் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். நடுச்சுவருக்கு அப்பால் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது. அங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வந்தது வந்துட்ட. எடுத்துட்டுப் போ" என்றார் மாமியார்.

அவள் பையிலிருந்து ஒரு சிறு மூங்கில் குழாயை எடுத்து என் வயிற்றில் வைத்து உறிஞ்சினாள். மூன்றாவது தடவை எச்சிலோடு கறுப்பாக ஓர் உருண்டையை வாழை இலையில் துப்பினாள். மயிரும் பழைய சோறும் உருட்டியது. அவள் கோட்டுக் கையிலிருந்து வாய்க்கு அது போனதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். மாமியார் இலையோடு தூக்கிக்கொண்டு போய் அடுப்பில் போட்டார். அங்கேயே நின்று அது கருகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அந்தப் பெண் என் பக்கம் குனிந்து, "இடுப்பு வலிக்கா குடுத்தாங்க?" என்றாள்.

"ஆமாங்க."

"எனக்குந்தான் வலி. ரயில் பெஞ்சுல ஒக்காரவே முடியல. மிச்சம் கிச்சம் இருக்கா தாயி?"

"இல்லைங்க" என்றேன்.

இருந்தது. அரிசிப் பானைக்குப் பின்னால் பாதிப் போத்தல் இருந்தது. அவளுக்குக் கெடுதல் என்று நினைத்து நான் மறுக்கவில்லை. ஒரு பல்லைக்கூட விட மனமில்லை.

அவள் தேநீர் குடித்துவிட்டுப் போனாள். மாமியாருக்கு அன்றிலிருந்து நான் பிழைத்து எழுந்தவள். தண்ணீர் தூக்க விடவில்லை. உளுந்துக் களி கிண்டிக் கொடுத்தார். சுடுதண்ணீர் வைத்து இடுப்பில் அவரே ஊற்றினார். அந்தச் சுடுதண்ணீர் தூளைவிட நன்றாக வேலை செய்தது. பொய்யின் பேரில் கிடைத்த சுகம் என்று தெரிந்தும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எடுத்தாச்சா?" என்றார் கணவர், வந்ததும்.

"எடுத்தாச்சுங்க."

"முழுப் பேரா?"

"அரைப் பேருங்க."

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம். மழை விடவே இல்லை. மாமியார் லயத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார். பிள்ளையின் துணிகளைப் பிழிந்து நிமிர்ந்தபோது வலி இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல்வரை ஒரே கோடாக இறங்கியது. அரிசிப் பானையிடம் போனேன். ஒரு பல் குடித்தேன். பிறகு இன்னும் இரண்டு. கொஞ்ச நேரத்தில் வலி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனது. அந்த அமைதி எனக்கு எவ்வளவு பழக்கமானது என்று தெரிந்தது. பட்டியில் குறைந்த இடம் தெரியக்கூடாது என்று, ஆறிப்போன சாயத்தண்ணியைப் போத்தலில் ஊற்றினேன். தேநீருக்கும் மருந்துக்கும் ஒரே நிறம். பிறகு பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். அப்போது எனக்கு அது எதுவுமே உறைக்கவில்லை.

சாயந்திரம் எழுப்பினேன். எழும்பவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். முகத்தைத் துடைத்தேன். டிஸ்பென்சர் கிள்ளியதைப்போல் கிள்ளினேன். மூச்சு இருந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நெடு நேரம் இருந்தது. நான் கத்தவில்லை. பயந்தேனா என்றுகூட இன்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நான் குடித்தது என்னை அங்கே போகவிடவில்லை. பயம் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. கை மட்டும் அவள் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தது. பாதம் சிவந்துவிட்டது.

அவளையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு மழையில் டிஸ்பென்சரிக்கு நடந்தேன். பாதி வழியில், தண்ணீர் முகத்தில் பட்டுப் பட்டு, அவள் உதட்டைச் சப்பினாள். டிஸ்பென்சர் அவளை வாங்கி ஈரத்துணியைக் கழற்றி, கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தேய்த்தார். அவள் சிணுங்கும்வரை விடவில்லை. இருட்டும்வரை பக்கத்திலேயே வைத்திருந்தார். அதற்குப் பிறகுதான் போத்தலை எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்தார். மூடியைத் திறந்து மோந்தார்.

"நல்ல தேயிலை" என்றார். "டஸ்டோ?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போத்தலைச் சாய்த்துக் கழுவினார். "இந்தக் கிழமை குறைக்க ஏலாது. போன கிழமை அளவுதான். இனி ஒரு கிழமை மருந்தை உங்களிட்டைத் தர மாட்டன். ஒவ்வொரு வேளைக்கும் இஞ்சை நடந்து வாங்கோ. நடக்கிறது நாரிக்கும் நல்லது."

"மழையிலங்களா?"

"குடை இருக்குத்தானே?"

நடந்தேன். காலை, மத்தியானம், மாலை. கல்படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, விழுந்த அதே படி வழியாக. ஒரு வாரத்துக்குப் பிறகும் போத்தலை வீட்டுக்குக் கேட்கவில்லை. அவரும் தருகிறேன் என்று சொல்லவில்லை. வலி ஒவ்வொரு நாளும் கூட வந்தது. சில நாள் முன்னால் நடந்தது, சில நாள் பின்னால். நான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக ஒரு நாளும் தோன்றவில்லை. மேசையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் மருந்து இருக்கும், அதைக் குடிப்பேன், திரும்புவேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு மாலை பிள்ளை அழுதது. சிணுங்கல் இல்லை. வாயைச் சதுரமாகத் திறந்து, முகம் கறுத்து, மூச்சை இழுத்து இழுத்து அழுதது. பால் கொடுத்தேன். பிடித்து இழுத்துக் குடித்தது, விட்டது, மறுபடி அழுதது. இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. நடுச்சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "என்னக்கா, உங்க பக்கம் புதுசா ஒரு சத்தம் கேக்குது?"

"புள்ளதான்" என்றேன்.

"உங்க புள்ளையா?"

மாமியார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார். ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். சுற்றிப் போட்டார். கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். "இதுக்கும் வச்சிட்டாங்க தாயி. அசையாம கெடந்த தங்கம், இப்படிக் கத்துதுன்னா வேற என்ன? கந்தப்பளைக்கு நாளைக்கே சொல்லியனுப்பணும். இதுக்கும் எடுத்துடுவோம்."

அந்த மூங்கில் குழாயை இந்த வயிற்றில் வைப்பதை நினைத்தேன். ரொம்ப நாளுக்குப் பிறகு எனக்குள் ஏதோ உடனே அசைந்தது.

"அவளுக்குந்தான் எடுத்துக்கிட்டு இருக்கோம் அத்தை" என்றேன்.

"எப்ப?"

சொன்னேன். போத்தலில் இருந்தது என்ன, அது எப்படிப் பாலில் இறங்கியது, டிஸ்பென்சர் எந்த அர்த்தத்தில் மருந்தெடுக்கச் சொன்னார் எல்லாவற்றையும். மூன்று பல் குடித்த அந்த மத்தியானத்தையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் பாடம் ஒப்பிக்கிற குரலாக இருந்தது. மாமியார் பிள்ளையைத் தட்டுவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகுதான் பேசினார்.

"அப்ப தங்கமான புள்ளைன்னு நான் சுத்திப் போட்டதெல்லாம் அந்தப் போத்தலுக்கா?"

அவர் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். பாத்திரங்கள் சத்தமாக இடிபட்டன. கோபமா என்று யோசித்தேன். கொஞ்ச நேரத்தில் சுடுதண்ணீர் கொண்டுவந்து, "திரும்பி ஒக்காரு" என்றார்.

மாதம் முடிந்தது. டிஸ்பென்சர் நிறையைக் கேட்டிருந்தார். மறுபடியும் மடுவத்துக்குப் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. என் இடுப்பைச் சுற்றிக் கட்டு, கட்டுக்கு மேல் சேலை. நின்றிருக்க முடியாமல் தூணில் சாய்ந்துகொண்டேன். வலி இருந்தது. அது எங்கேயும் போகப்போவதில்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. வேளைக்கு இன்னும் குவளையின் அடியை மூடுகிற அளவு குடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் போன பிறகு எப்படி இருப்பேன் என்று தெரியாது. நான் இந்த மாதம் சரியாகச் செய்தேனா, அந்த ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதா, இந்த எண் இப்போது சொல்லிவிடும்.

அதே கிழவி கூடையைக் கொடுத்தாள். சேலையை விரித்துப் பிள்ளையைப் படுக்க வைத்ததும் அவள் வீறிட்டாள்.

"யாத்தே, இது அந்தப் புள்ளையா?" என்றாள் ஒருத்தி.

"கழிவு கழிக்கிறாங்கன்னு தெரிஞ்சிடுச்சு போல. இப்பவே சண்டை போடுது."

"போடட்டும், போடட்டும். நாம போடாத சண்டை."

கணவர் கூடையைக் கொக்கியில் மாட்டினார். பிள்ளை இரண்டு காலாலும் கூடையை உதைத்தாள். கூடை சுற்றியது. முள் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. அவர் கண்ணை முள்ளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். எண்ணை வாசிக்க முடியவில்லை. கையால் கூடையை நிறுத்தினார். கையை எடுத்ததும் மறுபடி ஆடியது.

"நிக்க மாட்டேங்குதே" என்றார் என்னைப் பார்த்து.

"இருங்க" என்றேன்.

வரிசையில் இருந்த பெண்கள் கூடைகளை இறக்கி வைத்தார்கள். மாமியார் குடையைப் பிள்ளை பக்கம் சாய்த்தார். நான் தூணில் சாய்ந்து இடுப்பைக் கையால் அழுத்திக்கொண்டு, முள் நிற்பதற்காகக் காத்திருந்தேன்.